இரண்டு சைஸ் பெரிய ஸ்கேட்

அந்த வருடம் நாங்கள் குவைத்திலிருந்து ஊருக்குப் போகவில்லை. மூன்று பேரின் டிக்கெட்டுக்கு எடுத்து வைத்திருந்த பணம் முழுவதும் ஐஸ் ஹாக்கிக்குப் போனது. ஹெல்மெட், தோளுக்கும் முழங்காலுக்கும் கவசம், மட்டை, சீசன் கட்டணம், எல்லாவற்றையும்விட விலை கூடின, அடியில் கத்தி வைத்த ஸ்கேட் ஷூ. ஒன்பது வயது மகள் பள்ளித் தோழியின் பிறந்தநாளுக்குக் குவைத் சிட்டியில் ஐஸ் பரப்பி வைத்திருக்கும் ரிங்குக்குப் போய், மட்டையோடு பறக்கிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு மாதம் எங்களை உறங்க விடவில்லை.

"மைனி, மணலுக்குள்ள இருந்துக்கிட்டு ஐஸ்ல வெளயாட்டா? துட்டு கொழுத்துப் போச்சா?" என்று நாத்தனார் போனில் கேட்டாள்.

"ஆமா, கொழுத்துத்தான் போச்சு" என்று வைத்துவிட்டேன்.

ஸ்கேட் கடைக்காரர் மகளின் காலை அளந்து ஒரு ஜோடி எடுத்து வந்தார். நான் விடுவேனா? கோயிலில் முதல் நற்கருணை வாங்கின புதுநன்மைக்கு எடுத்த வெள்ளை ஷூவும் சரி, ஸ்கூல் ஷூவும் சரி, இரண்டு சைஸ் பெரிதாக வாங்கி முனையில் பஞ்சைத் திணிப்பதுதான் எங்கள் வழக்கம். நான் நர்ஸ், வீட்டில் பஞ்சுக்குக் குறைவில்லை.

"வளருற புள்ளயில்லா, ரெண்டு சைஸ் பெருசு எடுங்க" என்றேன்.

"அளவா இருக்கணும்னு அவரு சொல்லுதாருல்லா" என்று என் கணவர் இழுத்தார். ஃபஹாஹீலில் ஏசி மெக்கானிக், எதையும் அளந்து பார்க்கிற மனிதர்.

"நீங்க சும்மா இருங்க" என்றேன். பெரிய ஜோடியையே வாங்கினோம்.

மகள் விழுந்தாள். வாரா வாரம் விழுந்தாள். அவளுக்குப் பின்னால் வந்து சேர்ந்த பொடிசுகள்கூட அவளைச் சுற்றிக்கொண்டு போயின. சீசனின் கடைசி ஆட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கோச் அவளை பெஞ்சில் உட்காரவைத்து ஸ்கேட்டைக் கழற்றினார். உள்ளேயிருந்து பஞ்சை இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. பெற்றோர் அத்தனை பேரும் பார்த்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கணுக்கால் ஆடுகிற ஸ்கேட்டோடு ஆட்டத்தில் இறக்க மாட்டேன், அளவான ஸ்கேட் இல்லையென்றால் அவள் பெயர் பட்டியலில் இருக்காது என்றார்.

காரில் நானும் கணவரும் கத்திக்கொண்டே வந்தோம். பழியை அவர்மேல் போட எனக்கு வழியே இல்லை, அதனால் கூடுதலாகக் கத்தினேன். பின்சீட்டிலிருந்து மகள் சொன்னாள்: "அம்மா, நான் நிறுத்திக்கிறேன். நீங்க ஊருக்கு டிக்கெட் எடுத்துருங்க."

எடுக்கப் பணம் எங்கே இருக்கிறது?

அடுத்த வெள்ளிக்கிழமை, குவைத்தில் அதுதான் வார விடுமுறை, கோயிலில் பூசை முடிந்து ரிங்குக்குப் போனதும் ஒரு கனடாக்காரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய பதினொரு வயது மகனுக்குப் பழைய ஸ்கேட் சின்னதாகிவிட்டதாம். அது உன் மகளுக்குச் சரியாக இருக்கும், உன்னுடையது இவனுக்குச் சரியாக இருக்கும், மாற்றிக்கொள்வோமா என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஊரில் சொந்தக்காரப் பிள்ளைகளின் உடுப்பை வாங்கிப் போடுவோம். செருப்பை? அடுத்தவன் கழற்றிப் போட்டதையா என் மகள் போடுவாள்? அதுவும் புத்தம் புதுசைக் கொடுத்துவிட்டு! நறுக்கென்று ஒரு பதில் நாக்கு நுனியில் நின்றது. திரும்பினால், மகள் ஏற்கெனவே அந்தக் கீறல் விழுந்த ஸ்கேட்டுக்குள் காலை விட்டு, கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"எடுத்துக்க மக்ளே" என்றேன்.

அன்று அவள் ஒரு தடவைதான் விழுந்தாள்.

கடைசி ஆட்டத்தில் பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். கனடாக்காரியின் மகன் எதிரணியில், எங்கள் புது ஸ்கேட்டில், கோலுக்கு முன்னால் மலைபோல நின்றான். மகள் அவனை நோக்கித்தான் வந்தாள். அவள் இடதுபக்கம் சாய்ந்தாள், அவனும் சாய்ந்தான், சட்டென்று வலதுபக்கம் வெட்டினாள். அவன் பொத்தென்று விழுந்தான். கோல்!

"ஏட்டி, போட்டுட்டாடி! நம்ம புள்ள போட்டுட்டா!" என்று என் கணவர் பெஞ்சில் ஏறி நின்று கத்தினார். கனடாக்காரி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனாருக்கு நானே போன் போட்டேன். "மைனி, துட்டு போச்சே" என்றாள் மறுபடியும்.

"போவட்டும்" என்றேன். "அந்தத் துட்டுல வாங்குன ஸ்கேட்டையே தாண்டிப் போய்க் கோல் போட்டிருக்கா எம் மவ!"