எரிக்க முடியாத தாள்

ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்து மலையடிவாரத்தில் பால்பண்ணை நடத்திவந்த கிரகாம் டோலன், ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையின் கேப்டன். சென்ற கோடையில் காட்டுத்தீ வந்து போனபின் அவருடைய இரத்த அழுத்தம் இறங்க மறுத்தது, தூக்கமும் கெட்டது. அடுத்த கோடைக்குள் மருத்துவச் சான்று கிடைக்காவிட்டால் தீயணைப்பு லாரியை அவர் ஓட்ட இயலாது. அதைவிடப் பெரிய தண்டனை அவருக்கு வேறில்லை.

சுகாதார நிலையச் செவிலியான லெஸ்லி, கிரகாமுடன் பள்ளியில் படித்தவர். மாத்திரைகளோடு ஒரு வேலையும் கொடுத்தார்.

"தினமும் கொஞ்ச நேரம் அந்தத் தீ வந்த நாளைப் பத்தி எழுது. யாருக்கும் காட்ட வேணாம். வேணும்னா எரிச்சுடு."

மறுவாரமே கிரகாம் கையொப்பமிட்ட மூன்று பக்கங்களை அவரிடம் சமர்ப்பித்தார். லெஸ்லி படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்னய்யா இது, தலைமையகத்துக்கு அனுப்புற அறிக்கையா? காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு இருக்கு, எத்தனை லிட்டர் தண்ணி அடிச்சீங்கன்னு இருக்கு. நீ எங்கே?"

"கேப்டன் அப்படித்தான் எழுதணும்."

"கேப்டனை வெளியில நிக்கச் சொல்லிட்டு, கிரகாமை எழுதச் சொல்லு."

நவம்பரில் ஒரு நாள், காலைக் கறவை முடிந்தபின் கிரகாம் எழுதினார். தீ வந்த அன்று, ஊர்க்காரரான பெவர்லியை மீட்கப் போனபோது, அவர் பண்ணைக்குத் திரும்பும் முனையில் மரங்கள் எரிந்து சாலையில் விழுந்துகொண்டிருந்தன. வண்டியில் கிரகாமைத் தவிர நால்வர் இருந்தனர். கிரகாம் லாரியை வந்த வழியே திருப்பிவிட்டார். பெவர்லி குளத்து நீரில் இறங்கி உயிர் தப்பினார். அவருடைய குதிரைகள் கருகின. அன்று முதல் கிரகாம் அந்த வாசலைத் தவிர்த்துச் சுற்றுவழியிலேயே போய்வருகிறார். கடைசி வரியாக 'பயந்துவிட்டேன்' என்று எழுதினார்.

தீப்பெட்டியோடு கொல்லைப்புறத்திற்குச் சென்ற பிறகுதான் நினைவு வந்தது: அன்று வெளியில் எங்கும் தீ மூட்டக் கூடாத முழு நெருப்புத் தடை நாள். ஊர்க் கூடத்தில் அதற்கான அறிவிப்புப் பலகையை மாட்டியவரே அவர்தான். தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு படைக் கொட்டகைக்குப் போனார்.

தடை நாள்களில் கொட்டகையில் தீ அழைப்புக்காகக் காத்திருப்போருக்கு ஊரார் முறைவைத்து உணவு கொண்டுவருவர். அன்று பெவர்லியின் முறை.

"ஏம்ப்பா கிரகாம், என் வாசலை விட்டுட்டுச் சுத்திச் சுத்திப் போறியே, பெட்ரோல் மலிவாயிடுச்சா?"

கிரகாம் சட்டைப்பைக்குள் கைவிட்டார். தாளை எடுத்து நீட்டினார். பெவர்லி நின்றபடியே படித்து முடித்தார்.

"நீ திரும்பலேன்னா அஞ்சு பேரும் போயிருப்பீங்க. அதுக்கு யாரு கோவிச்சா? இத்தனை மாசமா எட்டிப் பார்க்கலியே, அதுக்குத்தான் கோவம். இந்தா, சாண்ட்விச் காயறதுக்குள்ள தின்னு."

கிரகாம் எழுதுவதை நிறுத்தவில்லை. டிசம்பரில், கோடை தொடங்கும் வேளையில் நடந்த சோதனையில் அழுத்தம் குறைந்திருந்தது. மாத்திரையாலா எழுத்தாலா என்று கேட்டதற்கு, "ரெண்டையும் நிறுத்தாதே" என்று மட்டும் சொன்னார் லெஸ்லி. சான்றும் கிடைத்தது.

முதல் ஓட்டத்திற்கு லாரியை எடுத்த அன்று, கிரகாம் அதைப் பெவர்லியின் வாசல் வழியாகவே ஓட்டிச் சென்றார்.