குசினி வழியே போன கான்

தேயிலைக்கு விலை விழுந்தபோது எங்கள் தோட்டத்தில் முதலில் வேலை நாட்களைக் குறைத்தார்கள், பிறகு சம்பளமே வரவில்லை. இலங்கையிலிருந்து வந்து ஒரே லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்தே கிளம்பி, ஊட்டிக் காந்தலில் ஒரு சரிவில் இடம் பிடித்தோம். பட்டா கிட்டா ஒன்றும் கிடையாது. நான் காரட் கழுவப் போனேன். என் வீட்டுக்காரர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார்.

எங்களுக்குத் தெரிந்த வீடு லயம் ஒன்றுதான். மண்மேட்டை வெட்டி, வெட்டின மண்ணோடு பின்சுவரை ஒட்டவைத்து, ஒருவர் சுவரில் அடுத்தவர் சுவரைச் சேர்த்து ஒரே வரிசையாக எழுப்பினோம். மேலே தகரம். முனையில் இருந்த எங்கள் வீட்டை ஒட்டி எனக்கென்று ஒரு குசினி கட்டிக்கொண்டேன். தோட்டத்தில் படுக்கிற அறையிலேயே புகைக்குள் சமைத்தவள் நான். சிவப்புச் சிமெண்டுத் தரையும் ஜன்னலுமாக ஒரு தனிக் குசினி என் வாழ்நாள் ஆசை. வருகிறவர்களை முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன்.

முன்பெல்லாம் ஊட்டி மழை நாள் முழுக்கத் தூறும். இப்போது வெயில் காய்ந்துகொண்டே இருக்கும். திடீரென்று ஒரு வாரத்து மழையை ஒரே பொழுதில் கொட்டிவிட்டுப் போகும். அப்படி ஒரு மழையில் நடுவீட்டின் பின்சுவர் மண்ணோடு உள்ளே சரிந்தது. அந்த வீட்டுக்காரி தண்ணீர் பிடிக்கப் போயிருந்ததால் பிழைத்தாள்.

மழை விட்டதும் என் வீட்டுக்காரர் மேட்டில் ஏறிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"கான் வெட்டலியே!"

சரிவில் இறங்கும் மழைத்தண்ணீரைக் குறுக்கே மறித்து ஓரமாகக் கொண்டுபோகும் வாய்க்காலைத் தோட்டத்தில் கான் என்போம். லயத்துக்கு மேலே எப்போதும் ஒன்று இருக்கும். லயத்தை அப்படியே கொண்டுவந்த நாங்கள் கானை மறந்துவிட்டோம். அதிலும் அந்த மனுஷன் தோட்டத்தில் பார்த்த வேலையே கான் வெட்டுவதுதான்! "ஊர்க் கானெல்லாம் வெட்டுனீங்க, போங்க" என்று அந்த நேரத்திலும் நான் சொல்லாமல் விடவில்லை.

மேலே கான் வெட்டிவிடலாம். கீழே ரோட்டோரச் சாக்கடைக்கு எந்த வழியாக இறக்குவது? வரிசையின் ஒரு முனையில் பெரிய கட்டடத்தின் மதில். மறுமுனையில் பாறை; பாறைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் என் குசினி. எல்லாரும் என் வாசலில் வந்து நின்று குசினியை எட்டிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு அடுப்பைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தேன்.

எதிரே கடை வைத்திருந்த கோயமுத்தூர்ப் பக்கத்துப் பெண் பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஏனுங்க்கா, இத இடிச்சுப்போட்டு எங்க போயி சோறாக்குவீங்க?"

"படுக்கிற எடத்துலதான். படுக்க வீடுன்னு ஒன்னு இருக்கணுமில்ல?"

நானே இடித்த பிறகு மற்றவர்களும் அவரவர் இடத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பின்சுவரை ஒரு முழம் உள்ளே தள்ளிக் கட்டினோம், மண் சுவரைத் தொடாதபடி. ஆண்கள் கான் வெட்ட, பெண்கள் கல் சுமந்து கரை கட்டினோம். தண்ணீர் ஓடும் வாட்டம் பார்த்தது என் வீட்டுக்காரர். குடத்துத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். பாயவும் இல்லை, தேங்கவும் இல்லை, நிதானமாக நடந்து போனது.

அடுத்த மழைக்காலத்தில் பேய்மழை. பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கச் சொன்னார்கள், போனோம். அங்கே எனக்கு வீடு இருக்குமா, இருக்காதா என்பதே நினைப்பு. மழை சற்று அடங்கியதும் முதல் ஆளாக ஓடினேன். சரிவில் அங்கங்கே மண் இறங்கிக் கிடந்தது. எங்கள் வரிசை அப்படியே நின்றது. கதவைத் திறந்து தரையைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது.

வெளியே, என் குசினி இருந்த இடத்தில், மலைத்தண்ணீர் அத்தனையும் செக்கச்செவேலென்று இரைந்துகொண்டு இறங்கியது, ஒரு வீட்டைக்கூடத் தொடாமல். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாறைமேல் ஏறி நின்று, பின்னால் வந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கத்தினேன்:

"வாங்க, எல்லாரும் அவுங்கவுங்க வீட்டுக்கு வாங்க!"