மதினி செய்த எண்

நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்புறத்தில் ஒரே ஒரு வகுத்தல் நீண்டு இறங்கிக்கொண்டிருந்தது. எழுதியவள் என் மதினி, அண்ணன் மனைவி. சுரண்டையிலிருந்து இலஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் தோற்றவள். குழம்பில் உப்புக் கூடினால்கூட, "கணக்குல பெயிலானவதான" என்று அண்ணன் சிரிப்பான். அவளும் கூடச் சிரிப்பாள்.

எழுபதுகளின் கடைசி அது. நான் கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். வட்டத்துக்கான 'பை' என்பது இருபத்திரண்டை ஏழால் வகுத்தால் வருவது என்று பள்ளியில் படித்த நினைவில், அது எங்கே முடிகிறது பார்ப்போம் என்று வகுக்க உட்கார்ந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் கூப்பிட்டாள்.

"ஏட்டி, இங்கன வா. இது தீராது. ஏழால வகுத்தா மிச்சம் ஒண்ணுல இருந்து ஆறு வரைக்குந்தான வரும்? ஏழாவது தடவ பழைய மிச்சம் ஒண்ணு வந்துதான ஆகணும்? வந்துட்டா, பெறவு போன வழியிலயே சுத்தும். எந்த எண்ணால வகுத்தாலும் ஒண்ணு தீரும், இல்ல இப்படிச் சுத்தும்."

எங்கள் பேராசிரியர் ஒரு வகுப்பு முழுக்க நிறுவிக் காட்டியதை இவள் உலை கொதிப்பதற்குள் கண்டுவிட்டாள். ஆனால் உண்மையான பை அதுவல்ல, அது பின்னமே இல்லை, அதன் இலக்கங்கள் அப்படிச் சுற்றி வருவதே இல்லை என்று சொன்னேன். அவள் முகம் வாடியது.

"சுத்தவே சுத்தாதா? அப்படி ஒரு எண்ணு இருக்க முடியுமா?"

இரண்டு வாரம் கழித்து, சாரல் விழுந்ததும் குடும்பத்தோடு ஐந்தருவிக்குப் போனோம். குளித்த ஈரத்தோடு என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள்.

"நானே ஒண்ணு செஞ்சிட்டேன். புள்ளி வச்சு ஒண்ணு, ஒரு சைபர். ஒண்ணு, ரெண்டு சைபர். ஒண்ணு, மூணு சைபர். இப்படியே போகும். சைபர் கூடிக்கிட்டே போறதால சுத்தாது. இது பின்னமில்ல, சரிதான?"

சரிதான் என்றேன். அதற்கு அப்பாலும் உண்டு, பை போல, முழு எண்களை வைத்து எழுதும் எந்த இயற்கணிதச் சமன்பாட்டுக்கும் விடையாக வராத எண்கள், அவைதாம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் என்றேன். மதினி அருவியைப் பார்த்தபடி கேட்டாள்.

"அப்ப நமக்குப் பிடிபடாததுதான் ஜாஸ்தியா?"

பின்னால் நின்ற அண்ணன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகு அந்தக் கேலியை அவன் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. தனித்தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கி வந்ததும் அவன்தான்.

மதினி தேறினாள். கணக்கில் ஐம்பத்திரண்டு. அதைவிட எவ்வளவோ அதிகம் வாங்கிய நான் முப்பது வருஷம் கணக்கு நடத்தினேன். ஒரு எண்ணைக்கூட நானாகச் செய்ததில்லை. அன்று மதிப்பெண் பட்டியலைப் பார்த்து எனக்குத்தான் ஆறவில்லை. அவள் அதை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"விடுட்டி. எனக்குத் தெரிஞ்சத அவங்க கேக்கல."