சேவூர் எல்லையில் நான் முந்திய ஆள்

இன்று மதியம் ஆரணியில் ஒரு கல்யாணப் பந்தியில், வடைக்கும் பாயசத்துக்கும் நடுவே என் மானம் போயிருக்க வேண்டும்.

போகவில்லை. இன்னொருவன் காப்பாற்றிவிட்டான். அதுதான் கேவலம்!

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் பொங்கலுக்கு மூன்று நாள் சைக்கிள் பந்தயம் நடக்கும். டீம் டீமாக ஓட்டுவோம். மூன்று நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, குறைவாக எடுத்தவனுக்குக் கோப்பை. அந்தந்த நாள் முதலில் வருகிறவனுக்குத் தனிப் பரிசு.

(கியரெல்லாம் கிடையாது. மட்கார்டையும் கேரியரையும் கழற்றிப் போட்டால் அதுதான் ரேஸ் சைக்கிள்!)

ஒரு டீமில் ஒருவனைத்தான் ஜெயிக்க வைப்பார்கள். மற்றவர்கள் அவனுக்கு முன்னால் போய் எதிர்க்காற்றைத் தாங்க வேண்டும். பின்சக்கரத்தை ஒட்டியே போகிறவனுக்குப் பாதி உழைப்பு மிச்சம்.

எங்கள் தறிக்கார டீமில் ஜெயிக்க வேண்டியவன் நான். காற்றைத் தாங்கியவன் சேவூர் ஏழுமலை.

முதல் நாள் கண்ணமங்கலம் போய்த் திரும்பினோம். வழி முழுக்க அவன் முதுகுதான் எனக்குச் சுவர்.

இரண்டாம் நாள், எங்கள் பக்கத்துச் சமணக் கோயில் மலையான திருமலை அருகே என் சைக்கிள் பஞ்சர். ஏழுமலை உடனே இறங்கித் தன் சைக்கிளை என்னிடம் நீட்டினான். என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஞ்சர் கடை தேடிப் போனான்.

அன்று மாலை கணக்குப் பார்த்தால், ரைஸ் மில் டீமின் தணிகாசலத்தைவிட நான் மூன்று நிமிடம் முன்னால். ஏழுமலை எங்கோ கடைசியில்.

மூன்றாம் நாள் கண்ணமங்கலத்திலிருந்து சேவூர் வரை. அன்றைய பரிசு ஒரு பட்டு அங்கவஸ்திரம். நெய்தவர் ஏழுமலையின் அப்பா. ஜெயித்தவன் தோளில் அவரே போடுவதாக ஏற்பாடு.

கிளம்பும் முன் ஏழுமலை என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"மூர்த்தி, கோப்பை எப்பிடியும் உனுக்குதான். இன்னிக்கு மட்டும் கடைசில என்னை முன்னாடி உட்ருடா. தறிய நிறுத்திட்டு சுத்திகினு இருக்கேன்னு எங்கப்பா மூணு நாளா என்கூட பேசல. அந்தத் துண்டை அவர் கையால வாங்கணும்டா."

"இதுக்கு ஏன்டா கெஞ்சுற? அது உனுக்குதான்!" என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

பாதி வழியில் மற்றவர்கள் கழன்றுவிட்டார்கள். முன்னால் ஏழுமலை, அவன் பின்னால் நான், எனக்குப் பின்னால் தணிகாசலம்.

சேவூர் நெருங்கும்போது தணிகாசலம் என் பக்கத்தில் வந்தான். மூச்சு இரைத்தது, ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை.

"இன்னா மூர்த்தி, மூணு நாளா அவன் முதுவயே பாத்துகினு வர! அவன் இல்லாங்காட்டி நீ கண்ணமங்கலத்த தாண்டுவியா? ஊரே சிரிக்குதுபா."

சொல்லிவிட்டுப் பின்தங்கிவிட்டான். ஜெயிக்க அவனிடம் தெம்பு இல்லை. எங்கள் இரண்டு பேரையும் பிரித்துவிட்டால் போதும் என்று நினைத்திருப்பான். பந்தயத்தில் இது பழைய தந்திரம்.

எனக்கும் தெரிந்த தந்திரம்தான். தெரிந்தே விழுந்தேன்.

எல்லைக் கோட்டுக்கு அருகில் ஏழுமலையின் அப்பா இரண்டு கையிலும் அங்கவஸ்திரத்தை ஏந்திக்கொண்டு நின்றார். தெருவே அவர் பின்னால் நின்றது.

ஏழுமலை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வருகிறவன் நான்தானே, எதற்குப் பார்க்க வேண்டும்?

அப்பாவைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினான்.

அந்தக் கையை ஒட்டி நான் முந்திப் போனேன். அரைச் சக்கரம்தான்!

பெரியவர் என் தோளில் அங்கவஸ்திரத்தைப் போட்டு, "நல்லா இருப்பா" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "இதுக்காடா தறிய போட்டுட்டு ஓடின?" என்றார்.

ஏழுமலை என் சத்தியத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

நான் வாயைத் திறந்தேன். "கடைசில அவனுக்கு மூச்சு வாங்கிடுச்சு, நான் இன்னா பண்றது!" இதையே நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். என் கல்யாணத்துக்கு அந்த அங்கவஸ்திரத்தைத்தான் போட்டுக்கொண்டேன் (வெட்கம் கெட்டவன்).

இன்று பந்தியிலும் பக்கத்து இலைக்காரரிடம் அதே கதையை நடித்தே காட்டிக்கொண்டிருந்தேன்.

எதிர் வரிசையில் ஒரு பையன், முப்பது வயதிருக்கும், நிமிர்ந்தான். "சார், எங்கப்பாவையா சொல்றீங்க?"

அந்தப் பையனுக்குப் பக்கத்தில் ஏழுமலை! தலை முழுக்க நரைத்திருந்தது, நான் கவனிக்கவே இல்லை.

பையன் அவனிடம் திரும்பினான். "ஏம்பா, நீதான முன்னாடி போய்கினு இருந்த? எப்பிடி உட்ட?"

வரிசையே பார்த்தது. ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் உண்மையைச் சொல்லப் போதுமான நேரம் பார்த்தான்.

நான் இலையைப் பார்த்தேன்.

"மூச்சு வாங்கிடுச்சுடா. அவர் கால் அப்பிடி," என்றான். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் ரசம் ஊத்துங்க," என்றான்.

நாற்பது வருடம் கழித்தும் எனக்கு வந்த எதிர்க்காற்றை அவனே முன்னால் போய்த் தாங்கிவிட்டான். நான் பாயசம் வரைக்கும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. சத்தியம் செய்துவிட்டு நான்தான் முந்தினேன்.

பெரியவரிடம் சொல்ல இனி வழியில்லை, அவர் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிறது. பேரன் இருக்கிறான். பீரோவிலிருந்து அங்கவஸ்திரத்தை எடுத்து வைத்துவிட்டேன். நாளைக் காலை முதல் டவுன் பஸ்ஸில் சேவூர் போகிறேன்.

ஒரே ஒரு உதவி. இந்தப் பதிவை யாரும் அவர்களுக்கு ஃபார்வர்டு செய்துவிடாதீர்கள்!

எனக்கு முன்னால் இன்னொருத்தர் போனது போதும்.