என் ராஜா தாவின ஒரே தாவல்

எம் பொண்ணு கல்யாணம் நாகரசம்பட்டியில, எங்க மாந்தோப்புலதான்னு ஊர் முழுக்கச் சொல்லிட்டேன். மாப்பிள்ளையோட அப்பாகிட்ட மட்டும் சொல்லல. அவர் மைசூர் ராஜ்யத்து ஆனேக்கல்காரர், வீட்டுல கன்னடம். கல்யாணம் மாப்பிள்ளை வீட்டுலதான், அதுதான் எங்க வழக்கம்னு நிச்சயத்தன்னைக்குப் பிடிச்ச பிடியில நின்னுட்டார். ஊர்ல எப்படித் தலைகாட்டறதுன்னு எனக்கு வேர்த்துப் போச்சு. கடைசியில சதுரங்கம் ஆடித் தீத்துக்கலாம்னு ஆச்சு. ரெண்டு பேருக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. என் பொண்டாட்டி தலையில அடிச்சுக்கிட்டா. நான் ஜெயிச்சு அவ பாத்ததில்ல.

பலகையை விரிச்சதும் அடுத்த தகராறு. அவர் பெங்களூர்ல கத்துக்கிட்ட ஆட்டத்துல சிப்பாய் முதல் தடவை ரெண்டு கட்டம் போகலாம். எங்க ஊர்ல ஒரு கட்டம்தான். ஆனா எங்க ராஜா, ஆட்டத்துக்கு ஒரே ஒரு தடவை, குதிரை மாதிரி தாவலாம். அவர் சிரிச்சார்.

"உங்க காய்க்கு உங்க ஊர் சட்டம், என் காய்க்கு என் ஊர் சட்டம். போதுமா பீகரே?"

பீகர்னா அவங்க பாஷையில சம்பந்தி.

ஆரம்பமே அமர்க்களம். அவர் சிப்பாய்ங்க ரெண்டு ரெண்டு கட்டமா பாஞ்சு வந்துச்சு. என்னோடது சந்தைக்குப் போற கிழட்டு மாடு மாதிரி நகந்துச்சு. என் மந்திரி போச்சு, குதிரைங்களும் போச்சு. அவர் யானையை என் ராஜாவுக்குப் பக்கவாட்டுல கொண்டாந்து வெச்சார்.

"ஆயித்து, ஆட்டம் முடிஞ்சுது. பந்தல்காரனுக்கு ஆனேக்கல்லுக்கு வழி சொல்லிடுங்க."

எழுந்திரிக்கலாம்னு வேட்டியைக்கூட சரி பண்ணிட்டேன். அப்பதான் தாவல் மிச்சமிருக்கறது ஞாபகம் வந்துச்சு. ராஜாவைத் தூக்கித் தாவ வெச்சேன். அது விலகினதும், பின்னாடி சும்மா நின்னுட்டிருந்த என் யானைக்கு நேர்வழி திறந்துச்சு. எதிர்க்கோடியில அவர் ராஜா. காவலுக்கு நிக்க வேண்டிய சிப்பாய்ங்க எல்லாம் முன்னாடியே பாஞ்சு போயிட்டதுங்க. மத்த காய்ங்க அவர் ராஜாவைச் சுத்தி அடைச்சு நின்னதுல ஒதுங்கவும் இடமில்ல. நான் யோசிச்சு வெச்ச மாதிரி மீசையைத் தடவிக்கிட்டேன்.

அவர் தன் ராஜாவைப் பலகையில படுக்க வெச்சார். அப்புறம், "பந்தலைப் பெரிசா போடுங்க பீகரே, எங்க சனம் ஜாஸ்தி"ன்னார்.

கல்யாணம் மாந்தோப்புலதான் நடந்துச்சு. முகூர்த்த நேரத்துல, சிங்காரப்பேட்டையிலிருந்து வந்த ஒருத்தருக்கு அந்த ஆட்டத்தை நான் சொல்லிட்டிருந்தேன். ராஜா தாவப் போற இடத்துல என் பொண்டாட்டி வந்து கையைப் பிடிச்சு மணவறைக்கு இழுத்துட்டுப் போனா. தாலி கட்டி முடிஞ்சதும் ஓடி வந்து மிச்சத்தைச் சொன்னேன். பக்கத்துல நின்னு சம்பந்தியும் கேட்டார். ரெண்டு இடத்துல திருத்தினார்.