சித்தப்பா எடுத்த முட்டைகள்

என் சித்தப்பா ஜெர்மனியின் எசன் நகரில் ஒரு தமிழ்க் கழகத்துக்காகக் கிரிக்கெட் ஆடினார். ஆடினார் என்பது கொஞ்சம் பெரிய சொல். கடைசி ஆளாகத் துடுப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார். போன கையோடு திரும்பிவிடுவார். ஞாயிறு மாலை கதவைத் திறக்கும்போதே அப்பா, "இண்டைக்கும் முட்டையோடா?" என்று கேட்பார். "ஓம் அண்ணை" என்று சித்தப்பா பையை இறக்கிவைப்பார்.

முட்டை என்றால் பூச்சியம் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கு யார் சொல்லித்தந்தார்கள்? எனக்குத் தெரிந்ததெல்லாம் கின்டர்கார்டனில் ஈஸ்டருக்குப் புல்லுக்குள் ஒளித்துவைக்கிற வர்ண முட்டைகள்தான். விழுந்தடித்து ஓடித் தேடியும் அந்த வருடம் எனக்கு இரண்டே இரண்டுதான் கிடைத்தன. சித்தப்பாவுக்கோ ஈஸ்டர் இல்லாமலே கிழமைக்கு ஒன்று. அவரைப் போல ஒரு வீரர் ஜெர்மனியிலேயே இல்லை என்று நம்பினேன். ஒரு முட்டையைக்கூட வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை என்பதுதான் என் மனக்குறை.

அந்தக் கோடையில் டுசல்டோர்ஃபிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணும் கூடவே வந்திருந்தார். இங்கே அதெல்லாம் சகஜம். அதற்கு முன் இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. சித்தப்பாவுக்கு முப்பத்தாறு வயது. இதுவும் சரிவராவிட்டால் இனித் தனக்குக் கலியாணப் பேச்சே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

பெண்ணின் அப்பாவுக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். "தம்பி மட்ச் விளையாடுறவராம். ஆகக் கூட எத்தினை ஓட்டம் அடிச்சனீர்?" என்று கேட்டார்.

சித்தப்பா தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார். தன் பெருமையைத் தானே சொல்ல மனுஷன் கூச்சப்படுகிறார், பாவம் என்று நான் முந்திக்கொண்டேன். "சித்தப்பா ஒவ்வொரு கிழமையும் முட்டை எடுப்பார். வேற ஒருத்தருக்கும் அப்பிடிக் கிடைக்காது."

அப்பாவுக்குப் புரையேறியது. அம்மா என் தொடையில் கிள்ளினார். பெரியவர் கடித்த வடையைத் தட்டில் வைத்துவிட்டார். பெண்தான் சித்தப்பாவைப் பார்த்து, "ஒவ்வொரு கிழமையுமோ?" என்றார்.

"ஒருக்கா ஒரு ஓட்டம் ஓடினனான்," என்றார் சித்தப்பா. "அதுவும் பந்து காலிலை பட்டு ஓடினது."

"அப்ப அது உங்கட பேரிலை வராதே," என்றார் பெண்.

"வராது. அதுவும் முட்டைதான்."

"பிறகேன் போறியள்?"

"நான் போகாட்டில் பத்துப் பேர்தான் நிப்பினம்."

பெண் வாய்விட்டுச் சிரித்தார். அதைப் பார்த்துப் பெரியவரும் சிரித்து, வடையை மறுபடி எடுத்துக்கொண்டார்.

போகும்போது வாசலில் சப்பாத்தை மாட்டியபடி பெண் என் அம்மாவிடம், "எனக்கு விருப்பம் அக்கா. அவருக்குப் பொய் சொல்லத் தெரியேல்லை" என்று மெதுவாகச் சொன்னார்.

பக்கத்தில் நின்ற எனக்குக் கவலையாகிவிட்டது. இவ்வளவு வளர்ந்தும் சித்தப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாதாம். எனக்கே அது நன்றாக வரும். கலியாணத்துக்கு முன் எப்படியாவது அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று முடிவுசெய்தேன்.