எந்த ஊர்ப் பெருநாளைக்கு அப்டேட்?

பகலில் நான் கல்முனை பஸாரில் போன் திருத்துகிறவன். உடைந்த கண்ணாடியை மாற்றுவேன், கிணற்றில் விழுந்த போனைக் காயவைப்பேன், சார்ஜ் ஏறாததை ஏறவைப்பேன். மிச்ச நேரத்தில் ஒரு கேம் செய்கிறேன். தோணி கேம். சாய்ந்தமருதுக் கரையிலிருந்து தோணியைத் தள்ளி இறக்கி, உடைகிற அலைகளைத் தாண்டி, வலை போட்டு, மீனோடு திரும்பி வரவேண்டும். அவ்வளவுதான்.

படம் கீறுவதும் நான், புரோகிராம் எழுதுவதும் நான், சத்தம் பிடிப்பதும் நான். என் படிப்பு பத்தாம், பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சையோடு நின்றுவிட்டது. மிச்சத்தை வீடியோ பார்த்துப் பார்த்துப் படித்தேன். அலைச் சத்தம் வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனபோது நடுவில் ஒரு காகம் கத்திவிட்டது. திரும்பப் போக நேரம் கிடைக்கவில்லை. இன்றைக்கும் என் கடலில் அலை உடையும் போதெல்லாம் ஒரு காகம் கத்தும். அந்தக் காகத்தைத் துரத்தச் சொல்லி எழுதியவர்கள் இருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் ஊர்க் கடல் மாதிரியே இராது என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள்.

அல்ஹம்துலில்லாஹ், விளையாட ஆட்கள் வந்தார்கள். கூடவே குறைகளும் வந்தன. அனேகமாக எல்லாம் ஒரே குறைதான்: அப்டேட் சுணங்குகிறது. என்னைப் பெரிய கொம்பனி என்று நினைத்துத்தான் எழுதுவார்கள். "ஒங்கட கொம்பனில எல்லாருமா ஒண்டாப் படுத்துத் தூங்குற?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

"கொம்பனியா? அப்ப நானும் அதுல ஒராளா?" என்றாள்.

"ஓம். நீதான் சோதிச்சுப் பாக்கிற ஆள்."

"அப்ப கொம்பனிக்கு இப்ப தேங்கா வேணும். ஒடனே போய் வாங்கிட்டு வாங்க."

அவள் சோதிக்கிற ஆள் என்பது பகிடி இல்லை. நான் எதைப் புதிதாகச் செய்தாலும் முதலில் அவளுடைய கையில்தான் கொடுப்பேன். மற்றவர்கள் தோணியை ஓட்டப் பார்ப்பார்கள். அவள் அதைக் கவிழ்க்கப் பார்ப்பாள். அவளுடைய கைக்குத் தப்பிய தோணி உலகத்தில் எந்தக் கைக்கும் தப்பும்.

பள்ளிவாசலிலும் எனக்கு விடுதலை இல்லை. அசறு தொழுது வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். பக்கத்து வளவுக்காரர், உண்மையான தோணி வைத்திருப்பவர், தோளில் தட்டுவார். "என்ன மச்சான், என்ட இஞ்சின் பழுதாகி, திருத்தி, திரும்பவும் பழுதாகிட்டு. ஒன்ட தோணி இன்னும் அதே இடத்துலதானே நிக்கிது!"

எனக்குக் கோபம் வருவதில்லை. ஆனால் குறை எழுதிய எல்லோருக்கும் பதில் எழுதாமல் இருக்கவும் முடிவதில்லை. அவர்களும் ஒரு மனிதனிடம் பேசுகிறோம் என்று நினைத்துத்தானே எழுதுகிறார்கள். தனியாளாகச் செய்கிறேன், கடை வேலை இருக்கிறது, கரண்ட் போய்விட்டது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று உள்ளதை உள்ளபடி எழுதுவேன். மனைவி அதை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வாள்: "மகன்ட வாப்பா, இந்தப் பதிலெல்லாம் எழுதுற நேரத்துக்கு அந்த வேலயச் செஞ்சி முடிச்சிரிக்கலாம்."

குறை சொன்னவர்களில் ஒருவரை மட்டும் மறக்க முடியாது. கட்டாரில் வேலை செய்கிறவர். அவருடைய எழுத்தைப் பார்த்தாலே எங்கள் பக்கத்து ஆள் என்று தெரியும். முதலில் வெள்ளிக்கிழமைக்காகத்தான் அவர் என்னைப் பிடித்தார். எங்கள் கரையில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியும் வரை தோணி இறக்கமாட்டார்கள். அதனால் கேமிலும் அந்த நேரத்தில் கடலைப் பூட்டி வைத்திருந்தேன். "எங்களுக்கு லீவே வெள்ளிக்கிழமதான். அண்டைக்குப் பாத்து நீ கடலப் பூட்டி வெச்சிரிக்காய்" என்று ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு எழுதினார். மன்னிப்புக் கேட்டு, கடலைத் திறந்துவிட்டேன். அந்த ஒரு நட்சத்திரம் அப்படியே இருந்தது.

அடுத்தது, இரண்டு பேர் ஒரே தோணியில் போகவேண்டும் என்றார். ஒருவர் ஒரு போனில் சுக்கான் பிடிக்க, மற்றவர் வேறொரு போனில் வலை போடவேண்டும். நல்ல யோசனைதான், செய்கிறேன் என்று பதில் எழுதினேன். மாதங்கள் போயின. அவரும் விடவில்லை. "இந்த ஆள் அப்டேட் விடுறதுக்குள்ள மீன் முட்ட போட்டு, குஞ்சு பொரிச்சி, அந்தக் குஞ்சும் வளந்து கருவாடாப் போயிரும்" என்று எழுதினார். நான் தனியே இருந்து சிரித்தேன். நோன்புக்குக் கொஞ்ச நாள் இருக்கையில் பதில் போட்டேன்: இன்ஷா அல்லாஹ், நோன்புப் பெருநாளைக்குத் தருகிறேன்.

அதற்கு அவர் எழுதியதுதான் எனக்குக் குத்தியது. "எங்கட ஊருல இன்ஷா அல்லாஹ் எண்டா வராது எண்டுதானே கருத்து. வருமா வராதா, நேராச் சொல்லு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. கலியாண வீட்டுக்கு வரச் சொன்னால், போக மனமில்லாதவனும் அதைத்தான் சொல்கிறான். தச்சு வேலைக்கு ஆள் கேட்டால், வராத ஆளும் அதைத்தான் சொல்கிறான். படைத்த ரப்புடைய பெயரைச் சொல்லித் தருகிற வாக்கு, வாக்குகளிலேயே கனமானது. அதைப் போய் நாங்கள் தட்டிக் கழிக்கிற சொல்லாக்கி வைத்திருக்கிறோம். என் வாயிலிருந்து வந்த இந்த ஒன்றாவது அப்படிப் போகக்கூடாது என்று எண்ணினேன். "வரும்" என்று மட்டும் பதில் எழுதினேன்.

நோன்பு முழுக்க அந்த வேலைதான். சுபஹு தொழுதுவிட்டு வந்து கடை திறக்கும் வரைக்கும் லெப்டொப்பின் முன்னால் இருப்பேன். இரண்டு போனில் ஒரு தோணி என்பது சொல்ல லேசு. இன்டர்நெட் கொஞ்சம் இழுத்தால் போதும், ஒருவரின் போனில் தோணி நடுக்கடலில் நிற்கும், மற்றவரின் போனில் அது இன்னும் கரையில் கிடக்கும். மனைவி குசினியில் கஞ்சி துழாவிக்கொண்டே ஒரு போனைப் பிடித்தாள். நான் முற்றத்தில் மற்றதைப் பிடித்தேன்.

"வலயப் போடு!" என்று கத்தினேன்.

"எங்க போட? நான் இன்னும் மணலுக்குள்ள நிக்கிறன்!"

"இஞ்ச நீ கடலுக்குள்ள நிக்கிறாய்!"

"ஒங்கட கடலுக்குள்ள நிக்கிறவள் வேற ஆரோ. யாரெண்டு கேட்டுப் பாருங்க!"

மெல்ல மெல்ல இரண்டு தோணியும் ஒன்றாயின. சுக்கான் சரி, அலை சரி, காகமும் இரண்டு போனிலும் ஒன்றாகவே கத்தியது. ஒரேயொரு பழுது மிஞ்சியது. வலை நிறைந்து அதை இழுக்கிற நேரத்தில் கேம் அப்படியே நின்றுபோனது. இருபத்தொன்பதாம் நோன்பு திறக்கும் வரை அதோடு மல்லுக்கட்டினேன். அன்று மஹரிபுக்குப் பிறகு ஊரே பிறைக்குக் காத்திருந்தது. பிறை காணவில்லை, நோன்பு முப்பது என்று அறிவித்தார்கள். பெருநாளைக்கு ஆசையாக இருந்த பிள்ளைகளின் முகம் சுருங்கியது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷம். பெருநாளைக்கு இன்னும் ஒரு முழு நாள் இருக்கிறது, அல்லாஹ் எனக்காகவே ஒரு நாளைக் கூட்டித் தந்தான் என்று நினைத்தேன்.

முப்பதாம் நோன்பு அன்று கடையில் கால் வைக்க இடமில்லை. பஸார் முழுக்க உடுப்பு வாங்கவந்த சனம். எல்லோருக்கும் பெருநாளைக்கு முன்னால் போன் திருத்தி ஆகவேண்டும். யாரோ ஒருவரின் போனைக் கழற்றிக்கொண்டிருந்தபோது என் போனில் கட்டார்க்காரரின் செய்தி வந்தது.

"பெருநாள் முபாரக். அப்டேட் எங்க?"

நான் சிரித்தேன். பாவம் மனிசன், அவசரப்படுகிறார் என்று, "பெருநாள் நாளைக்குத்தானே சகோதரர்" என்று எழுதினேன்.

"ஒனக்கு நாளைக்கு. நான் இஞ்ச பெருநாள் தொழுதிட்டு வந்து குந்தி இரிக்கன்."

கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்தேன். அங்கே எங்களுக்கு ஒரு நாள் முந்தித்தான் நோன்பு பிடித்தார்கள். அது தெரியாத விஷயமா? சவூதியில் இருக்கிற என் மச்சான் ஒவ்வொரு வருஷமும் நாங்கள் நோன்போடு இருக்கும்போது பிரியாணிச் சட்டியைப் படம் பிடித்து அனுப்பி வெறுப்பேற்றுகிறவன். அப்படியிருந்தும் பெருநாள் என்று எழுதியபோது எனக்கு எங்கள் ஊர்ப் பெருநாளைத் தவிர வேறொன்றும் ஞாபகத்தில் வரவில்லை.

எப்படியாவது நாளைக்குத் தருகிறேன் என்று எழுதினேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் திட்டவில்லை.

"நாளைக்கு எனக்கு டியூட்டி. இண்டைக்கு மட்டும்தான் லீவு. என்ட மகள் அங்க சாய்ந்தமருதுல இரிக்கா. பெருநாளைக்கு ரெண்டு பேரும் ஒரு தோணியில போவம் எண்டு சொல்லி வெச்சிட்டன். அதுக்குத்தான் ஒன்ன இவ்வளவு நாளும் கரச்சல் படுத்தின. பரவால்ல தம்பி. ஒன்ட வேலயப் பாரு."

அந்தப் "பரவால்ல" எனக்கு ஒரு நட்சத்திரத்தைவிடக் கனமாக இருந்தது. கடைக்குள் நின்றவர்களைப் பார்த்து, லுஹர் தொழுகைக்குப் பிறகு வாருங்கள் என்று கையெடுத்துக் கேட்டேன். "நோம்புக்காரன எத்தின தரம் நடக்க வெப்பாய்?" என்று ஒருவர் பேசிவிட்டுப் போனார். கதவைப் பாதி இழுத்துவிட்டு லெப்டொப்பைத் திறந்தேன்.

வலைப் பழுதை அன்று திருத்த முடியாது என்று எனக்கே தெரியும். ஆனால் ஒரு வாப்பாவும் மகளும் தோணியில் போவதற்கு வலை எதற்கு? வலையைக் கழற்றினேன். மீனும் வேண்டாம். இரண்டு பேர், ஒரு தோணி, கடல், காகம். கழற்றிய பிறகு ஓட்டிப் பார்த்தேன், நிற்காமல் ஓடியது. வழமையான வழியில், ஆப் ஸ்டோரில் போட்டால் அவர்கள் அதைப் பார்த்து அனுமதிக்கவே நாள் எடுக்கும். அதனால் அவருக்கு நேரடியாக அனுப்பினேன். அவர் அதை ஊரில் இருக்கிற தன் மனைவிக்கு அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் அவரே திரும்ப எழுதினார். "மனிசிட போன்ல, இது ஆபத்து எண்டு செவப்பாக் காட்டுதாம். போன் வெடிச்சிரும் எண்டு பயந்து தொடுறாவே இல்ல."

வீடு எங்கே என்று கேட்டேன். கடற்கரைப் பக்கம், எங்கள் பள்ளிக்குப் பின்னால் போகிற சின்ன ஒழுங்கை. ஆம்பிளை வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்கு நான் தனியே போய் நிற்பது சரியில்லை. வீட்டுக்குப் போய் மனைவியை மோட்டார் சைக்கிளில் ஏற்றினேன். நாளைக்குப் பெருநாள் இனிப்பான வட்டிலாப்பத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் அப்படியே கையைக் கழுவிக்கொண்டு, அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

நான் அந்த வீட்டு வாசல் கேற்றடியில் நின்றேன். அவள் உள்ளே போனாள்.

"ஆரு நீங்க?" என்று ஒரு பெண்குரல் கேட்டது.

"பயப்புடாதீங்க ராத்தா. தோணிக் கொம்பனில இருந்து வந்திரிக்கம்" என்றாள் என் மனைவி, வெட்கமே இல்லாமல்.

போனில் எதை அழுத்த வேண்டும் என்று அவள் சொல்லிக் கொடுப்பது மதிலுக்கு மேலால் கேட்டது. பிறகு காகம் கத்தியது. என் காகம். அடுத்து இன்னொரு போனில், சத்தமாக வைத்திருந்த ஓர் ஆண்குரல், கட்டாரிலிருந்து: "மகள், ஏறிட்டீங்களா?"

"ஏறிட்டன் வாப்பா! தள்ளுங்க, தள்ளுங்க!"

"நோம்பா மகள் நீங்க?"

"ஓம் வாப்பா. நீங்க?"

"எனக்குப் பெருநாள் மகள்! வயிறு முட்டத் திண்டிட்டுத்தான் தோணில ஏறின."

"அதான் தோணி ஒங்கட பக்கம் சரியிது! வாப்பா, அல வருது, இங்கால திருப்புங்க! இங்கால!"

"திருப்புறன், திருப்புறன்... அல்லாஹ்!"

கவிழ்ந்துவிட்டது. பிறகு பிள்ளை சிரித்தது. மூச்சு விட முடியாமல் சிரித்தது. அங்கேயிருந்து அவரும் சிரித்தார். இவ்வளவு நாளும் எனக்குக் கருவாட்டுக் கதை எழுதிய ஆளின் குரலை அன்றுதான் கேட்டேன். நான் நினைத்ததைவிட இளைய குரல்.

"திரும்பத் தள்ளுங்க வாப்பா" என்றது பிள்ளை.

மனைவி வெளியே வந்து பின்னால் ஏறிக்கொண்டாள். "கவிழ்க்கிறதுல அந்த மனிசன் என்னயும் மிஞ்சிட்டார்" என்றாள். லுஹருக்குப் பாங்கு கேட்டது, அவளை வீட்டில் இறக்கிவிட்டு நேரே பள்ளிக்குப் போனேன்.

மறுநாள் எங்களுக்குப் பெருநாள். தொழுதுவிட்டு வந்து, ஊரைக் கட்டிப்பிடித்து, வட்டிலாப்பத்தின் முன்னால் இருந்தபோது போனைப் பார்த்தேன். அவர் டியூட்டியிலிருந்து நட்சத்திரத்தை மாற்றியிருந்தார். ஒன்று இப்போது மூன்று. கீழே எழுதியிருந்தது: "சொன்னபடி பெருநாளைக்குத் தந்தார். ஆனா வலயக் காணல்ல. வல இல்லாம கடலுக்குப் போற தோணி உலகத்துல எங்கயாவது இரிக்கா? அடுத்த அப்டேட் எப்ப?"

பதில் எழுதக் குனிந்தேன்.

"அத வெச்சிட்டு முதல்ல இதத் தின்னுங்க" என்றாள் மனைவி.

"ஒரு வரிதான்" என்று சொல்லிவிட்டு எழுதினேன். இன்ஷா அல்லாஹ், ஹஜ்ஜுப் பெருநாளைக்கு. பிறகு யோசித்து, அதற்குப் பின்னால் இன்னொரு வரியும் சேர்த்தேன்: நீங்கள் இருக்கிற ஊர்ப் பெருநாளைக்கு.